அண்ணி வழியாகத் தெரிந்த நாற்காலி

மூன்று மணி ஷிப்டு முடிந்து வெளியே வருகிறேன். மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய செனாவாங்கில் எங்கள் தொழிற்சாலை வாசலில் அந்த நேரத்துக்கு நூறு மோட்டார் சைக்கிள் ஒரே சமயத்தில் உறுமும். அத்தனை உறுமலுக்கும் நடுவே ஒரு மோட்டார் மட்டும் சத்தமில்லாமல் நின்றது. பக்கத்தில் மாரியண்ணன்.

அண்ணன் ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டுகிறவர். வேலை நாளில் லாரியை விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. மழை வரப்போகிற இருட்டு. சட்டைக்குள்ளே, வயிற்றோடு ஒட்டி ஒரு பழுப்பு உறையை வைத்திருந்தார்.

"யாருக்கு என்னண்ணே?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில், எதிர்பாராமல் வந்து நிற்கிறவரிடம் "என்ன விஷயம்" என்று கேட்க மாட்டோம். "யாருக்கு" என்றுதான் முதலில் வாயில் வரும்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒன் படம் வந்துருச்சு. அம்மாதான் ஒங்கிட்ட காட்டிட்டு வரச் சொன்னுச்சு."

என் படம் என்றால் நான் எடுத்த படம். முதன்முதலாக ஃபிலிமில் எடுத்த பன்னிரண்டு படம். கழுவக் கொடுத்து ஒரு வாரமாக அதே நினைப்பில் இருந்தவள் நான். ஆசையாக உறைக்குக் கையை நீட்டினேன். அண்ணன் மேலே இருந்த ஒன்றை மட்டும் உருவி என் கையில் வைத்தார். வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

கறுப்பு வெள்ளை. எங்கள் லயத்து வீட்டு முன்வாசல். கதவில் கட்டிய மாவிலை, இலை இலையாகத் தெரிகிறது. பாயில் குனிந்து உட்கார்ந்து வளையல் பிரிக்கிற பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்கா கல்லில் வெட்டி வைத்த மாதிரி இருக்கிறார். நடுவே பிரம்பு நாற்காலி. அதில் என் அண்ணி செல்வி. ஏழு மாதக் கர்ப்பிணி.

அண்ணிக்குப் பின்னால் இருக்கிற நாற்காலி, அண்ணி வழியாகத் தெரிந்தது.

நெஞ்சுக்கு நடுவே பிரம்புப் பின்னல். முகம் இருந்தது, ஆனால் சாம்பிராணிப் புகையில் வரைந்த மாதிரி. வயிறு இருந்த இடத்தில் வயிறும் இருந்தது, அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற துணியின் மடிப்பும் இருந்தது. வெளிறிப்போன மடியில், உள்ளங்கை அகலத்துக்கு, ஒரே ஒரு கறுப்பு.

"படம் வந்த ரெண்டு நாளா அவளுக்குச் சோறு எறங்கல" என்றார் அண்ணன். "வயித்துல புள்ள இல்லங்கிறா. அசையுதேன்னு கேட்டா, அசையறது புள்ள இல்லங்கிறா."

குறைகளைப் படம் பிடித்தவள்

நான் தங்கியிருந்த தொழிற்சாலை விடுதியைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் கேமராக்காரி ஆன கதை எப்போது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வாசகி அம்மா, அந்தக் கதையின் முதல் படிதான் மேலே சொன்ன படம்.

தொண்ணூறுகளின் கடைசி. மின்னணுப் பலகைகள் செய்கிற தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு டிஜிட்டல் கேமரா வந்து இறங்கியது. செங்கல் கனம். உள்ளே ஃபிலிம் இல்லை. கணினியில் போடுகிற ஃப்ளாப்பி டிஸ்கை அதன் வயிற்றில் செருகவேண்டும். எடுத்த படம் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் உடனே தெரியும். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிடலாம்.

அதைத் தொட எல்லாருக்கும் பயம். உடைந்தால் யார் தலையில் விழும்? எனக்கும் பயம்தான், ஆனால் பயத்தைவிட ஆசை பெரிசு. "ஆசைக்குக் கண்ணு கெடையாது, கை மட்டுந்தான்" என்று எங்கள் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. என் கை முந்திக்கொண்டது.

அன்றிலிருந்து நான் எடுத்ததெல்லாம் குறை. ஈயம் சரியாகப் பிடிக்காத முனை, கீறல் விழுந்த பலகை, முடி அளவு விரிசல். கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, விளக்கைச் சாய்த்து, குறையை நடுவில் வைத்து அழுத்தவேண்டும். ஒவ்வொரு குறையையும் இரண்டு தடவை.

அந்த இரண்டு தடவைக்குக் காரணம் காக் யாத்தி. எங்கள் பிரிவின் மூத்த மலாய் அக்கா. ஃப்ளாப்பி எப்போது கெட்டுப்போகும் என்று சொல்லமுடியாது, அதனால் ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வை என்பது அவருடைய சட்டம். "சாத்து உந்தோக் போஸ், சாத்து உந்தோக் துஹான்" என்பார். ஒன்று முதலாளிக்கு, ஒன்று கடவுளுக்கு. முதலாளிக்கு எடுக்கிறதைத்தான் பார்த்து எடுப்போம். கடவுளுக்கு எடுக்கிறதைப் பார்க்கிற வழக்கமில்லை. ஒரு கை அடுத்த பலகையை எடுக்கப் போகும்போதே இன்னொரு கை அழுத்திவிடும்.

இரண்டு வருஷம் அப்படி எடுத்தபிறகு, ஒரு ஆள் முகத்தை எடுக்கவேண்டும் என்று கையெல்லாம் ஊறியது. தொழிற்சாலைக் கேமராவை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

இரண்டு கண் பெட்டி

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துத் துரை பங்களாவை ஒழித்தார்கள். பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்கான செம்பனை போட்டுக்கொண்டிருந்த காலம். பங்களாச் சாமான்களைக் குப்பைக்கு ஏற்றியபோது, தோல் உறையோடு கிடந்த ஒரு பெட்டியை அண்ணன் எனக்காக எடுத்து வைத்தார்.

மேலும் கீழுமாக இரண்டு கண். மூடியைத் திறந்து மேலிருந்து குனிந்து பார்க்கவேண்டும். பார்த்தால், தேய்த்த கண்ணாடியில் நம் வீட்டு வாசல் சின்னதாக, மௌனமாக அசைகிறது. ஆனால் இடம் வலமாக. வலப்பக்கம் நடக்கிற ஆள் கண்ணாடிக்குள் இடப்பக்கம் நடப்பார். முதல் நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா குழாயடியிலிருந்து குடத்தோடு வருகிறார். கண்ணாடிக்குள் ஒரு அம்மா எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார். நிமிர்ந்து நிஜ அம்மாவைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சிரம்பானில் ஒரு சீன அங்கிள் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவரிடம் ஒரு சுருள் கறுப்பு வெள்ளை ஃபிலிம் வாங்கினேன். மாட்டிக் காட்டினார். லென்ஸ் பக்கத்தில் இருக்கிற கம்பியை இறக்கு, பொத்தானை அழுத்து, பிறகு இந்தத் திருகைத் திருப்பு, முதுகிலிருக்கிற சிவப்பு ஓட்டையில் அடுத்த எண் வரும். பன்னிரண்டு எண். தீர்ந்ததும் கொண்டுவா. வெளிச்சத்துக்கு எவ்வளவு என்று ஃபிலிம் டப்பாவிலேயே வெயிலும் மேகமும் வரைந்திருந்தது.

எல்லாம் புரிந்தது. ஒன்றைத் தவிர. எடுத்த படத்தை எங்கே பார்ப்பது?

"பார்க்க முடியாது. ஒரு வாரம் பொறு" என்றார் மலாயில். "டிவி இல்லை இது."

அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நான் அழுத்திய படம் ஏதோ ஓர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது, என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கமுடியாது. நம்முடைய ஆட்கள் வீட்டில் பிரசவம் ஆகும்வரை பிள்ளைக்குச் சட்டை தைக்கமாட்டார்களே, அந்த மாதிரி ஓர் அச்சம்.

"படமெல்லாம் வேண்டாம்"

அண்ணிக்கு அது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதம், ஒன்று ஐந்தாம் மாதம். இரண்டாவது போனபோது அண்ணி அழவில்லை. மறுநாள் காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு பால்வெட்டுக்குப் போனார். கங்காணிதான் திருப்பி அனுப்பினார்.

ஆகையால் ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தபோது லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தது. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வீட்டிலிருந்து பிரம்பு நாற்காலி இரவல். அதன் இருக்கையில் மஞ்சளில் முக்கிய, கரையில்லாத வேட்டியை விரித்து, கால்வரை தொங்கவிட்டு, அரக்குச் சேலையில் அண்ணியை உட்காரவைத்தார்கள்.

எங்களிடம் ஒரு கண்டிப்பு உண்டு. வளைகாப்புக்கு உட்கார்ந்தவள், ஆரத்தி சுற்றி முடிகிறவரை எழுந்திருக்கக்கூடாது. எழுந்தால் பிள்ளையும் இடத்தைவிட்டு எழுந்துவிடும் என்பார்கள். இன்னொரு கண்டிப்பு, நல்ல காரியத்தில் கெட்ட பேச்சு நாக்கில் வரக்கூடாது. உப்பு இல்லை என்றுகூடச் சொல்லமாட்டார்கள். "உப்பு நெறைஞ்சிருச்சு" என்பார்கள்.

நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அம்மா வழிமறித்தார். வயிற்றுப்பிள்ளைக்காரியைப் படம் எடுக்கிற வழக்கம் இல்லை, வேண்டாம் என்றார்.

"இப்ப டவுன்ல எல்லாரும் எடுக்கறாங்கம்மா."

"டவுன்ல தங்குது, எடுக்கறாங்க."

அம்மா அவ்வளவுதான் சொன்னார். நான் கேட்கவில்லை. அண்ணிக்கும் உள்ளூர ஆசை. தலையை லேசாக ஆட்டினார்.

தண்ணீர் டிரம்மை மூடியிருந்த பலகைமேல் கேமராவை வைத்தேன். ஸ்டாண்டு மாதிரி ஏதாவது இல்லாமல் எனக்குக் கை வராது. பெண்களெல்லாம் வரிசைத் தட்டு எடுக்க உள்ளே போயிருந்தார்கள். வாசலில் அண்ணியும், தலை நிமிராமல் வளையல் பிரிக்கிற பொன்னம்மாக்காவும் மட்டும். எண் எட்டு. கண்ணாடிக்குள் அண்ணி, இடம் வலமாக, சின்னதாக, என்னைப் பார்த்துச் சிரித்தார். கம்பியை இறக்கினேன். அழுத்தினேன்.

அப்போது உள்ளிருந்து யாரோ, படம் எடுத்தது போதும், சந்தனக் கிண்ணத்தைப் பிடி என்று கூப்பிட்டார்கள். திரும்பி அவர்களோடு நாலு வார்த்தை பேசினேன். பேசிக்கொண்டே, என் கை அதன் வழக்கத்துக்குக் கம்பியை இறக்கி இன்னொரு தடவை அழுத்தியது. திருகைத் திருப்பினேன். நிமிர்ந்து பார்க்காமலே உள்ளே போய்விட்டேன்.

லாரி எண் தெரிகிற நெஞ்சு

இப்போது மழைக்கு வருகிறேன். அண்ணனும் நானும் தொழிற்சாலைக்கு எதிரே பேருந்து நிழற்குடைக்கு ஓடினோம். மற்ற பதினொரு படத்தையும் எடுத்துப் பார்த்தேன்.

எல்லாமே அப்படித்தான் இருந்தன. குழாயடியில் இரண்டு அம்மா, இரண்டு பேர் வழியாகவும் சுவர் தெரிகிறது. ஒரு நாய்க்கு முன்னும் பின்னும் தலை. காலைப் பனியில் பால்மர நிரை, அதில் ஒரு வெட்டுக்காரர் வாளியோடு போகிறார். அவருக்குப் பின்னால் நாலு மரம் தள்ளி அவரே இன்னொரு தடவை போகிறார். தனக்குப் பின்னால் தானே நடந்து போகிற மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. லாரிக்குப் பக்கத்தில் அண்ணன். நெஞ்சு வழியாக லாரியின் எண் பலகையைப் படிக்கலாம்.

அந்தப் படத்தில் என் கை நின்றது. எண் பலகை.

"அண்ணே, இத எடுக்கறப்ப நீங்க எங்க போனீங்க?"

"எங்க போனேன்? நின்னேன். அப்பறம் டயரப் பாக்கப் போனேன்."

முதல் அழுத்தலுக்கு நின்றார். இரண்டாவதற்குப் போய்விட்டார். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்திருக்கின்றன.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஃப்ளாப்பியில் எத்தனை தடவை அழுத்தினாலும் அத்தனை படம் தனித்தனியாக உட்காரும். ஃபிலிமில், திருகைத் திருப்பினால்தான் புது இடம் வரும். திருப்பாமல் அழுத்தினால் முதல் படத்தின் மேலேயே இரண்டாவதும் ஏறிக்கொள்ளும். நான் அந்தத் திருகை, ஒரு ஆளை எடுத்து முடித்து அடுத்த ஆளுக்குப் போகும்போது திருப்புகிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். கடவுளுக்கு எடுத்ததெல்லாம் முதலாளி தலையிலேயே விழுந்திருக்கிறது. அசையாதவர் கல்லாக இருக்கிறார். அசைந்தவர் புகையாகிவிட்டார்.

அண்ணனுக்கு விளக்கினேன். இரண்டு தடவை விளக்கியபிறகு புரிந்தது. அந்த மழையில் நிழற்குடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். "பேயும் இல்ல பிசாசும் இல்ல, எந்தங்கச்சிதான்லா" என்றார். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே எட்டாம் எண் படத்தை மறுபடி கையில் எடுத்தேன். சிரிப்பு நின்றது.

இரண்டு படம் என்றால், ஒன்றில் அண்ணி இருக்கிறார். இன்னொன்றில் நாற்காலி காலி. அரக்குச் சேலை கறுப்பாக விழுந்திருக்க வேண்டிய மடி வெளிறிக் கிடப்பது, காலி நாற்காலியின் வெளிர் வேட்டி அதன்மேல் ஏறியதால். அப்படியானால் மடியில் வெளிறாமல் நின்றுபோன அந்தக் கறுப்பு?

அது மடியில் இல்லை. அது வேட்டியில் இருக்கிறது. அண்ணி எழுந்த இடத்தில்.

இரண்டு வருஷம் குறை பார்த்த கண். பார்த்துவிட்டால் பார்க்காத மாதிரி இருக்க அதற்குத் தெரியாது. உறையை மூடி, என் பைக்குள் வைத்து, "வீட்டுக்குப் போகலாம்ணே" என்றேன்.

மழை விட்டதும் கிளம்பினோம். சிரம்பான், ராசா, மம்பாவ் ஊர்களைத் தாண்டி, பிறகு செம்மண் பாதை. வழியெல்லாம் அண்ணன் வாய்க்குள் பாடிக்கொண்டு வந்தார். பின்னால் உட்கார்ந்து நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெட்டிச் சாய்த்த பால்மரங்களுக்கு நடுவே பனி மாதிரி ஆவி கிளம்பியது. யாராவது குறுக்கே போனால் அவர் வழியாக மரம் தெரிகிறதா என்று என் கண் தானாகப் பார்த்தது.

எழுந்தது யார்

வீட்டு வாசலில் ஆறேழு பேர். சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கதவோரம். அண்ணி உள்ளே, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அண்ணன் இறங்கியதும் இறங்காததுமாக விளக்க ஆரம்பித்துவிட்டார். நானும் என் தப்பு என்று ஒப்புக்கொண்டேன். எல்லாரும் கேட்டார்கள். பொன்னம்மாக்கா படத்தை வாங்கிப் பார்த்தார்.

"அப்ப நான் ஏன் கல்லாட்டம் இருக்கேன்?"

"நீங்க அசையலக்கா."

"சரி. அசஞ்சவதான் பொக. அப்ப ஒங்கண்ணி எந்திரிச்சாங்கிற?" அவர் குரல் இறங்கியது. "வளையல் போட ஒக்காந்தவ எந்திரிப்பாளா, ரேணு? நான் பக்கத்துலயே இருந்தனே."

"நான் எந்திரிக்கல" என்று உள்ளேயிருந்து அண்ணி குரல் வந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் தப்பை நிரூபிக்கவேண்டுமென்றால் அண்ணி எழுந்தார் என்று நான் சொல்லவேண்டும். எழுந்தார் என்றால் ஏன் எழுந்தார் என்று கேட்பார்கள். அம்மாவைப் பார்த்தேன். அம்மா முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகங் கழுவலாம் வாங்கண்ணி" என்று கையைப் பிடித்து எழுப்பிப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனேன். தகரத் தடுப்புக்குள், வாளிப் பக்கத்தில் இருவரும் குந்தினோம். படத்தை நான் காட்டவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"எவ்வளவு போச்சு?"

அண்ணி என்னையே பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"வலியே இல்ல ரேணு. ஒக்காந்திருக்கறப்ப சூடா எறங்குச்சு. நீ அந்தப் பக்கம் திரும்பி பேசிக்கிட்டு இருந்த. யாரும் பாக்கல. எந்திரிச்சு இங்கதான் ஓடி வந்தேன்."

"அப்பறம்?"

"நின்னுருச்சு. முந்தாநேத்து மறுபடி கொஞ்சம்."

"ஏண்ணி சொல்லல?"

"என்னான்னு சொல்ல? வளைகாப்பு நாக்காலியில தீட்டாச்சுன்னா? ஆஸ்பத்திரிக்குப் போனா எடுத்துருவாங்க. மூணாவதும் போச்சுன்னு எல்லாரும் எம்மூஞ்சியப் பாப்பாங்க." வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுகூட இல்ல ரேணு. இன்னொண்ணு இருக்கு. நான் திரும்பி வந்தப்ப நாக்காலியில கற இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"வேற வேட்டி விரிச்சிருந்துச்சு. கர போட்ட வேட்டி. தண்ணி தொட்டுத் தொடச்சாப்ல பிரம்பு ஈரமா இருந்துச்சு. வாசல்ல யாரும் இல்ல, பொன்னம்மாக்கா குனிஞ்சமேனிக்கு இருக்கு. நான் பாட்டுக்கு ஒக்காந்துட்டேன். யார் வந்து மாத்துனா? எனக்கு வந்ததும் நெசமா, நான் நெனச்சுக்கிட்டதான்னு அன்னியிலேருந்து தெரியல. படத்துல என்னையே காணோம்னு வந்ததும், சரிதான், நான் அன்னைக்கே போயிட்டேன் போலன்னு நெனச்சேன்."

தகரத்தில் மழைத்துளி ஒன்று, இரண்டாக விழுந்துகொண்டிருந்தது. உறைக்குள் ஒன்பதாம் எண் படம் இருந்தது, பெண்கள் சூழ அண்ணி வளையல் அடுக்கிக்கொள்கிற படம். எடுத்துப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து தொங்குகிற வேட்டியில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கரை ஓடியது.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. யோசித்தால் அந்தத் தகரத் தடுப்பை விட்டு எழுந்திருக்க முடிந்திருக்காது. வாசலுக்கு வந்து, அண்ணிக்குத் தலை சுற்றுகிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம் என்றேன். கிராணி தன் காரை எடுத்தார். அம்மா ஏற்கெனவே துணிப்பை கட்டிக் கையில் வைத்திருந்தார். எப்போது கட்டினார் என்று நான் கேட்கவில்லை.

நடைபாதை பெஞ்சு

சிரம்பான் ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே படுக்க வைத்துவிட்டார்கள். நஞ்சுக்கொடி ரொம்பக் கீழே இறங்கி, பிள்ளை வருகிற வழியில் கிடக்கிறதாம். வலியில்லாமல்தான் ரத்தம் போகுமாம். இன்னொரு தடவை வீட்டில் வைத்து அதிகமாகப் போயிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டாக்டர் அண்ணனிடம் சொன்னார். பாடிக்கொண்டு மோட்டார் ஓட்டி வந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏழு வாரம் அண்ணி கட்டிலைவிட்டு இறங்கவில்லை. நான் ஷிப்டு முடிந்து தினமும் போவேன். பக்கத்துக் கட்டில் மலாய்க்காரப் பெண், எதிர்க்கட்டில் சீனத்தி, மூவரும் ஆளுக்கொரு மொழியில் ஒரே புலம்பல். "வயித்துவலிக்கு ஏது பாஷ" என்பார் அண்ணி. சோறு இறங்க ஆரம்பித்திருந்தது.

வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண். இரண்டு கிலோ சொச்சம். அந்தப் பெண் இப்போது என் தோளுக்குமேல் வளர்ந்து, என்னையே அதட்டுகிறாள்.

தோட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது இன்றைக்கும் பேய்ப்படம்தான். நான் மறுக்கவில்லை. மறுத்தால் நாற்காலிக் கதையைச் சொல்லவேண்டும், அது என்னுடைய கதை இல்லை. போன மாதம்தான் அண்ணி, "எழுதிக்கலாம்லா, இனிமே யாரு வந்து என்னா கேக்கப் போறா" என்றார்.

ஆனால் ஒன்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. பிள்ளை பிறந்த அன்று. அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தார். ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் அம்மாவும் நானும் மட்டும். தாதி வந்து இருவரும் நலம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த வேட்டிய நான்தான் மாத்துனேன்."

நான் அப்படியே திரும்பினேன்.

வளைகாப்பன்று ஆரத்தித் தட்டோடு எல்லாருக்கும் முன்னால் வெளியே வந்தது அம்மாதான். நாற்காலி காலி. வேட்டியைப் பார்த்திருக்கிறார். தட்டைக் கீழே வைத்து, கொடியில் காய்ந்த அண்ணனுடைய வேட்டியை இழுத்து, ஈரத்துணியால் பிரம்பைத் துடைத்து, புதிதாக விரித்துவிட்டு, பழையதைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். பிறகு மற்றவர்களோடு ஒன்றாக, இரண்டாம் தடவையாக, சிரித்த முகத்தோடு வெளியே வந்து ஆரத்தி சுற்றியிருக்கிறார்.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள், ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சட்டியில் சமைத்துக்கொண்டு, மாமியாரும் மருமகளும் அதே ஒன்றை ஆளுக்குத் தனியாக வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்கள். ஒருவருக்கு மற்றவர் தெரிந்துவைத்திருப்பது தெரியாது. அண்ணி தூங்கியபிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சேலையைப் பார்ப்பாராம், ஈரமாக இருக்கிறதா என்று.

எனக்குக் கோபம் வந்தது. உயிர் போகிற விஷயம்.

"ஏம்மா சொல்லல? அண்ணன்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"வாயில வந்தா வாசல்ல வந்துரும்" என்றார். "மொத ரெண்டு தடவையும் நான்தான் மொதல்ல சொன்னேன். இந்தப் புள்ள தங்காதுபோலன்னு. சொன்னேன், போச்சு. இந்தத் தடவ நாக்க அறுத்தாலும் சொல்றதில்லன்னு வச்சிருந்தேன்."

உள்ளே எங்கேயோ ஒரு பச்சைப்பிள்ளை அழுதது. எங்களுடையதா என்று தெரியவில்லை. அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அப்பறம் ஏம்மா படத்த அண்ணன்கிட்ட குடுத்து எனக்கு அனுப்புன?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் சின்னப்பிள்ளையில் கேட்கக்கூடாததைக் கேட்டால் பார்க்கிற அதே பார்வை.

"மடியில அந்தக் கறையப் பாத்தேன். அதே எடம், அதே அகலம். நான் பாத்தத அந்தப் படமும் பாத்திருக்குன்னு தெரிஞ்சுச்சு. கொற கண்டுபிடிக்கறதுதான ஒனக்கு வேல. கொண்டுபோய்க் குடுறான்னேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "நான் வாயே தெறக்கல ரேணு. படந்தான சொன்னுச்சு."